கன்னத்தில் புற்று: எடுத்த இடத்தில் சதை வைப்பதை "அப்புறம் பார்க்கலாம்" என்று விடலாமா?

ஏரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 62 வயது, விவசாயம். இளவட்டத்திலிருந்தே வலது கொடுப்பில் புகையிலை அடக்கும் பழக்கம். அங்கே ஆறாமல் இருந்த புண் பெரிதாகி, இப்போது வெளிக்கன்னத் தோலைத் தொட்டுவிட்டது. பயாப்சியில் புற்று என்று வந்துவிட்டது. கழுத்தில் ஒரு நெறிகட்டி இருக்கிறது. கீழ்த்தாடை எலும்பின் பக்கவாட்டுப் பகுதியிலும் கொஞ்சம் அரித்திருக்கிறது. நுரையீரல் சுத்தமாக இருப்பதாகச் சொன்னார்கள்.

கன்னத்தை உள்ளும் வெளியுமாக எடுத்து, எலும்பில் ஒரு துண்டையும் கழுத்து நெறிகளையும் எடுக்க வேண்டுமாம். அந்தப் பள்ளத்தை மூட, மார்பிலிருந்து சதையைக் கொண்டுவரலாம். இல்லையென்றால் தொடையிலிருந்து எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்து ரத்தக் குழாய்களைத் தைத்துப் பொருத்தலாம் என்றார்கள். வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் பெரியப்பா ஒரே பிடியாக இருக்கிறார். "நோயை எடுக்கட்டும், தையலைப் போட்டு மூடட்டும். பிளாஸ்டிக் சர்ஜரியெல்லாம் அப்புறம் பார்க்கலாம். இந்த வயதில் அவனுக்குப் பெண்ணா பார்க்கப் போகிறோம்?" என்கிறார். அப்பாவும் தலையாட்டுகிறார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நாவல்மரம்:

தம்பி, தள்ளிப் போடாதீர்கள். என் மச்சானுக்கு இதே இடம். ஒரு ஆஸ்பத்திரியில் இருந்த தோலையே இழுத்துச் சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். தையல் பிரிந்து கன்னத்தில் ஓட்டை விழுந்தது. தண்ணீர் குடித்தால் பாதி சட்டையில் வழியும். துண்டை மடித்துக் கன்னத்தில் அழுத்திக்கொண்டுதான் ஒரு வாய்க் கஞ்சி குடிப்பான். மூடலாம் என்று பிறகு வேறு இடத்துக்குப் போனபோது, கரண்ட் (ரேடியேஷன், கதிர் சிகிச்சை) வைத்த தோல் ஆற மறுக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

---

கத்தியும்நூலும்:

ஏரிக்கரை தம்பி, நான் பிளாஸ்டிக் சர்ஜன். கட்டியை எடுக்கிறவர்கள் கையுறையைக் கழற்றும்போது மாட்டிக்கொண்டு உள்ளே போகிறவன். அப்பாவின் ஸ்கேனைப் பார்க்காமல் இந்தச் சதைதான் சரி என்று சொல்ல மாட்டேன். பெரியப்பாவின் பேச்சுக்கு மட்டும் பதில் சொல்லலாம்.

முழுக் கனத்துக்குக் கன்னத்தை எடுத்துவிட்டால் வாயை மூட அந்தப் பக்கம் ஒன்றுமே இருக்காது. எச்சில் ஒரு நாளும் சுரக்காமல் இருக்கப் போவதில்லை. அது கழுத்துக்கு இறங்கும். நெறிகளை எடுத்த கழுத்தில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் மூடுசதை குறைந்து கிடக்கும். அதன்மேல் எச்சில் தேங்கிச் சீழ் பிடித்தால் குழாயே வெடித்துவிடும் ஆபத்து உண்டு. நல்ல ரத்த ஓட்டமுள்ள சதையைக் கொண்டுவந்து வைத்தால் வாய் மூடும், அந்தக் குழாய்க்கும் போர்வை கிடைக்கும். பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். இதில் அழகு கடைசியாக வருகிற விஷயம்.

இன்னொன்று, ரேடியேஷன். அப்பாவின் நிலைக்கு அறுவைக்குப் பிறகு அது பெரும்பாலும் தேவைப்படும். ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் எல்லா ஊரிலும் உள்ள கணக்கு. புண் ஆறாமல் கதிர் கொடுக்க முடியாது. தையல் பிரிந்து, ஓட்டை விழுந்து, அதை ஆற்றவே இரண்டு மாதம் போய்விட்டால் நோய் திரும்பி வர நாமே வழிவிட்டது போலாகும். புற்று வைத்தியத்தின் நேரத்தைக் காப்பாற்றுவதே ஒழுங்காக மூடிய காயம்தான்.

கிராஃப்ட், ஃப்ளாப் என்று இரண்டு சொல் காதில் விழும். கிராஃப்ட் என்பது தொடையிலிருந்து சீவி எடுக்கும் மெல்லிய தோல். பிடுங்கி நட்ட நாற்று மாதிரி, வைத்த இடத்தில் ஈரம் இருந்தால்தான் பிழைக்கும். சிறிய, மேலோட்டமான காயத்துக்குப் போதும். ஆனால் சுருங்கும். கன்னத்துக்குள் சுருங்கினால் வாய் திறக்காது. ஃப்ளாப் தன் ரத்தக் குழாயோடு வருகிற சதை. அடியில் எலும்பு இருந்தாலும், டைட்டானியம் தகடு இருந்தாலும் தன் ரத்தத்தில் தானே வாழும். உள்கன்னம் வெளிக்கன்னம் இரண்டுமே போகிற உங்கள் அப்பாவுக்கு ஃப்ளாப்தான்.

மார்புச் சதையா தொடைச் சதையா என்று கேட்டால், இரண்டும் நல்லதுதான். மார்புச் சதையை 1979ல் ஸ்டீஃபன் அரியான் என்ற அமெரிக்க சர்ஜன் எழுதி வெளியிட்டார். சதையைக் குழாயோடு மார்பிலிருந்து பிரித்து, காறை எலும்புக்கு மேலாகக் கழுத்துத் தோலுக்கு அடியில் நுழைத்து வாய்க்குக் கொண்டுவருவோம். குழாயை வெட்டுவதே இல்லை, அதனால் மைக்ரோஸ்கோப் தேவையில்லை. நேரம் குறைவு, நம்பகமானது. நம் நாட்டில் எத்தனையோ வாய்ப் புற்று நோயாளிகளைக் கரை சேர்த்தது அந்தச் சதைதான். குறைகளும் உண்டு. கனமாக இருக்கும், கழுத்தை ஒரு பக்கம் இழுக்கும், தோளைத் தூக்கச் சிரமப்படுத்தும். பெண்களுக்கு மார்பின் வடிவம் மாறும். ஆண்களுக்கு வாய்க்குள் ரோமம் வளரும், ரேடியேஷனுக்குப் பிறகு அது பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

தொடைச் சதையையோ முன்கைச் சதையையோ குழாயோடு வெட்டி எடுத்து, கழுத்திலுள்ள குழாயோடு தைக்க வேண்டும். குழாயின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். நூல் தலைமுடியை விட மெல்லியது. முன்கைச் சதை சீனாவில் தொடங்கியது, 1981ல் எழுதினார்கள். மெல்லியது, மடங்கும், உள்கன்னத்துக்கும் நாக்குக்கும் அருமையானது. உங்கள் அப்பாவுக்கு உள்ளும் வெளியும் வேண்டும், கனமும் வேண்டும். தொடையைச் சொன்னது அதனால்தான் இருக்கும்.

எலும்பைப் பற்றியும் கேளுங்கள். முகவாய்க்கட்டை போனால் எலும்பு வைத்தே ஆக வேண்டும். வைக்காவிட்டால் உதடு தொங்கும், நாக்கு பின்னால் சரியும், எச்சில் நிற்காது. அதற்குக் காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பை, ஃபிபுலாவை, எடுத்து ஒடித்து வளைத்துத் தாடையாக்குவார்கள். நியூயார்க்கில் ஹிடால்கோ 1989ல் காட்டிய வழி. உடம்பின் பாரத்தைப் பெரிதும் தாங்குவது பக்கத்து எலும்புதான். அதனால் கால் தேறியதும் நடக்கலாம். பக்கவாட்டுத் துண்டு மட்டும் போனால் எலும்பு வைக்காமல் சதையால் நிரப்புவதும் உண்டு. அப்படிச் செய்தால் தாடை கொஞ்சம் கோணும். அப்பாவுக்கு எது என்பதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள்.

---

வடகரை:

டாக்டர் சொல்வது புரிகிறது. ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் சித்தப்பாவுக்குக் காலையில் உள்ளே கொண்டுபோனவரை இரவுதான் வெளியே கொண்டுவந்தார்கள். சதையை மைக்ரோஸ்கோப்பில் தைத்தார்கள். மறுநாள் அது கறுத்துப்போக, மறுபடி தியேட்டர். கடைசியில் மார்புச் சதையைத்தான் வைத்தார்கள். அதற்குள் நுரையீரலில் சளி கட்டி ஐசியூவில் மிகவும் சிரமப்பட்டார். முதலிலேயே மார்புச் சதையை வைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எங்கள் வீட்டில் இன்றைக்கும் இருக்கிறது. வயதானவர்களுக்குக் குறுகிய அறுவைதான் நல்லது என்பது என் எண்ணம்.

---

கத்தியும்நூலும்:

வடகரை சார், உங்கள் ஆதங்கம் நியாயம். வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டோம். இதயம், நுரையீரல், சர்க்கரை, குழாய்களின் நிலை, புகை இவற்றை வைத்துத்தான் சொல்வோம். இவை மோசமாக இருந்தால் மார்புச் சதையே முதல் தேர்வு. அதை இரண்டாந்தரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அனுபவமுள்ள இடங்களில் தைத்து வைக்கும் சதை 100க்கு 95க்கு மேல் பிழைக்கிறது. ஆனால் தோற்கிற அந்த ஒரு சிலரில் நம் ஆள் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும். உங்கள் சித்தப்பாவுக்கு அந்தப் பதிலாக வந்தது மார்புச் சதை. அதனால்தான் பல சர்ஜன்கள் அதைக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கிறார்கள்.

ஏரிக்கரை, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். இந்த அறுவையை அங்கே மாதத்துக்கு எத்தனை செய்கிறார்கள்? ராத்திரி இரண்டு மணிக்குச் சதை நிறம் மாறினால் மறுபடி தியேட்டருக்கு எடுக்க ஆள் இருப்பார்களா? இரண்டாவது கேள்விக்கு இழுபறியாகப் பதில் வந்தால் மார்புச் சதையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

---

ராத்திரிட்யூட்டி:

அந்த ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்தில் நிற்பவள் நான்தான். தலை கழுத்து அறுவை வார்டில் செவிலி.

முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம். மணிக்கொருமுறை டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்போம். சதை வெளிறிச் சில்லிட்டிருந்தால் உள்ளே வரும் குழாய் அடைத்திருக்கிறது. நீலம் பூத்து, வீங்கி, அழுத்திவிட்டதும் சட்டென்று நிறம் திரும்பினால் வெளியே போகும் குழாய் அடைத்திருக்கிறது. சந்தேகம் வந்தால் டாக்டர் ஊசி முனையால் குத்திப் பார்ப்பார். சிவப்பாக ஒரு சொட்டு மெதுவாக வந்தால் நிம்மதி. குத்தியும் ஒன்றும் வராவிட்டாலோ, கருஞ்சிவப்பாகச் சட்டென்று வழிந்தாலோ உடனே போன் போகும். டாப்ளர் என்று பேனா மாதிரி ஒன்று இருக்கிறது. கழுத்தில் வைத்தால் ரத்தம் ஓடுவது "ஷ்ஷ், ஷ்ஷ்" என்று கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் நான் டீ குடிக்கப் போவேன்.

கூட இருப்பவர்களுக்கு: பெரிய அறுவையில் தொண்டையில் தற்காலிகமாகத் துளை போட்டுக் குழாய் வைப்பார்கள், வீக்கத்தில் மூச்சு அடைக்காமல் இருக்க. அப்போது பேச்சு வராது. குரலே போய்விட்டது என்று அழாதீர்கள். ஒரு சிலேட்டும் குச்சியும் வாங்கி வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குத் தண்ணீர், வலி, படுக்கை, கழிப்பறை என்று படம் வரைந்த அட்டை போதும். அறுவை செய்த பக்கம் கழுத்தைச் சாய்க்க விடாதீர்கள். கழுத்தைச் சுற்றி இறுக்கமாக எதையும் கட்ட வேண்டாம்; கோயில் கயிறாக இருந்தால் கையில் கட்டிக்கொள்ளட்டும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

தேன்மொழி:

இந்த இழையைப் படிக்கப் படிக்க அந்த நாட்களெல்லாம் நினைவுக்கு வருகின்றன. என் கணவருக்கு இடது கன்னம். முன்கைச் சதை வைத்தார்கள். எடுப்பதற்கு முன் டாக்டர் அவர் மணிக்கட்டில் இரண்டு பக்கமும் அழுத்தி, கை வெளுத்ததும் ஒரு பக்கத்தை விட்டு, சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்தார். ஒரு குழாயை எடுத்தாலும் மற்றது கையைக் காப்பாற்றுமா என்று தெரிந்துகொள்ளத்தான் அது. அவர் வலது கைக்காரர், அதனால் இடது கையில் எடுத்தார்கள். அந்தக் கையில் இப்போது ஒரு குழிந்த தழும்பு. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வார்.

அறுவை பற்றி டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அதற்குப் பிறகு வருவதைச் சொல்கிறேன்.

முதலில் சாப்பாடு. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். கேழ்வரகுக் கூழைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, பெரிய சிரிஞ்சில் எடுத்து, தூக்கிப் பிடித்து மெதுவாக விட வேண்டும். பருப்புத் தண்ணீர், பால், முட்டை வெள்ளை, வடிகட்டிய முருங்கைக்கீரைச் சாறு எல்லாம் கொடுத்தோம், டயட்டீஷியன் சொன்ன அளவில். ஒவ்வொரு முறையும் கடைசியில் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அவரை உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்த உடனே படுக்க விடக் கூடாது.

அப்புறம் வாய் திறப்பது. தாடை இறுகிக்கொண்டே வரும். ரேடியேஷனுக்குப் பிறகு இன்னும் இறுகும். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையில் வைத்து, பிடிக்கிற வரைக்கும் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொன்னார்கள். வலிக்கும். அவர் கோபத்தில் குச்சிகளைத் தூக்கி எறிந்திருக்கிறார். நான் பொறுக்கிக் கழுவி மறுபடி வைத்திருக்கிறேன். இன்று அவர் இட்லியைப் பிட்டு வாயில் போடுகிறார் என்றால் அந்தக் குச்சிகள்தான் காரணம். அப்பாவுக்கு ஏற்கெனவே வாய் திறப்பது குறைவா என்று பாருங்கள். பாக்கு, புகையிலை போட்டவர்களுக்கு மற்றக் கன்னமும் நார் மாதிரி இறுகியிருக்கும். அந்தப் பக்கத்தையும் சரிசெய்ய வேண்டுமா என்று அறுவைக்கு முன்பே கேட்கலாம்.

வெளியே போவது ரொம்ப நாள் ஆயிற்று. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் நீ போய்விட்டு வா என்பார். பந்தியில் உட்கார்ந்தால் உதட்டோரம் வழியும், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முகம் வீங்கிக் கோணியிருப்பதைவிட அதுதான் அவருக்குப் பெரிது. பிறகு சின்ன அறுவையில் சதையின் கனத்தைக் குறைத்து, உதட்டு ஓரத்தை மேலே தூக்கித் தைத்தார்கள். இப்போது பேரன் காதுகுத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பெரியப்பா "அப்புறம்" என்று சொல்வது இந்தச் சின்ன அறுவைகளுக்குப் பொருந்தும். வாயை மூடுவதற்குப் பொருந்தாது.

---

செம்மண்காடு:

தேன்மொழி அக்கா சொன்னதை ஒட்டி ஒன்று. எங்கள் அம்மாவுக்கு டாக்டர்களே அப்புறம் என்றுதான் சொன்னார்கள். அவருக்கு மூக்கு நுனியில் கறுப்பாக ஒரு மரு. கிள்ளிக்கொண்டே இருந்தார். அது புண்ணாகிப் பொருக்கு உதிர்ந்து உதிர்ந்து மறுபடி வந்தது. பார்த்தால் பேசல் செல் கார்சினோமா, தோல் புற்று. வெள்ளைத் தோல்காரர்களுக்கு அதிகம், நம் நிறத்துக்குக் குறைவு. ஆனால் வராமல் இல்லை. உடம்புக்குள் வேறு இடத்துக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் இருக்கிற இடத்தில் குருத்தெலும்பு வரை தின்றுகொண்டே போகும்.

அம்மாவுக்கு முதல் அறுவையில் புற்றை எடுத்துவிட்டு மருந்துக் கட்டு மட்டும் போட்டு அனுப்பினார்கள். விளிம்பு சுத்தம், அதாவது எடுத்த துண்டின் ஓரத்தில் புற்று இல்லை என்று பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் நெற்றியிலிருந்து சதையை இறக்கினார்கள். மூடிவிட்டு, அடியில் புற்று மிச்சம் என்று தெரிந்தால் வைத்த சதை வீணாகிவிடும் என்றார்கள். அது எங்களுக்குச் சரியாகவே பட்டது.

நெற்றிச் சதை என்றால் புருவத்து உள்முனையில் ஒரு காம்பு விட்டு, மேலே நெற்றியில் மூக்கின் அளவுக்கு வெட்டி, திருப்பிக் கீழே கொண்டுவந்து தைப்பது. காதிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து உள்ளே வைத்தார்கள். சுமார் மூன்று வாரம் அந்தக் காம்பு புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவில் பாலமாகத் தொங்கும். மூக்குச் சதை அக்கம் பக்கத்து ரத்தத்தில் வாழப் பழகியதும் காம்பை வெட்டிவிடுவார்கள். அந்த நாட்களில் அம்மா கண்ணாடி போட முடியாது, வாசல் தெளிக்கக்கூடப் போக மாட்டார். முக்காடு போட்டு மாட்டுத் தொழுவத்துப் பக்கமாகவே நடமாடினார். ஆனால் நெற்றித் தோலும் மூக்குத் தோலும் ஒரே நிறம். இன்று தெரியாதவர்கள் பார்த்தால் நெற்றியில் ஒரு கோடு இருக்கிறது என்பார்கள், மூக்கைக் கவனிக்க மாட்டார்கள்.

---

கத்தியும்நூலும்:

செம்மண்காடு சொன்னது மிகச் சரி. முகத்துத் தோல் புற்றில் விளிம்பு தெளிவாகும் வரை காத்திருக்கலாம். காயம் வெளியே இருக்கிறது, கட்டுப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஃப்ரெடரிக் மோஸ் 1930களில் தொடங்கிய முறையில் அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கையும் அன்றைக்கே மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் நிறுத்துவார்கள். வாய்க்குள் அப்படித் திறந்துபோட முடியாது. அறுவை நடக்கும்போதே விளிம்பை உறையவைத்துப் பார்த்துவிட்டு அதே மயக்கத்தில் மூடிவிடுவோம்.

---

பழஞ்சுவடி:

நெற்றிச் சதை பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு செய்தி. இது நம் நாட்டிலிருந்து போன வித்தை. திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டார். பிறகு புனே பக்கம் ஒருவர் மெழுகில் மூக்கின் அளவெடுத்து, நெற்றித் தோலைத் திருப்பி அவருக்கு மூக்கு செய்து கொடுத்தார். செங்கல் அறுக்கும் தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்தவர் அவர். லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசின் 1794 அக்டோபரில் கவாஸ்ஜியின் படத்தோடு இதை வெளியிட்டது. அதைப் படித்துவிட்டு ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய சர்ஜன் பிணங்களில் பழகி, 1814ல் லண்டனில் செய்து காட்டினார். மேல்நாட்டுப் புத்தகங்களில் அதை "இந்திய முறை" என்றே எழுதுகிறார்கள்.

பழங்கால வைத்தியர் சுசுருதர் நெற்றியிலிருந்து எடுத்தார் என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். சுசுருத சம்ஹிதையில் இருப்பது கன்னத்திலிருந்து எடுக்கும் முறை. நெற்றி முறை பரம்பரையாகக் கை வழியே வந்தது. அதைச் செய்தவர்களின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

---

மாவிட்டபுரம்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் ஆண்களுக்கு வருகிற புற்றுகளில் வாய்ப் புற்றுக்குத்தான் முன்னிடம். வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. முன்பெல்லாம் கொழும்புப் பக்கம் மகரகமவுக்குத்தான் ஓட வேண்டும், இப்போது தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. என் மாமாவுக்கு மேல்தாடையில் வந்தது. அண்ணத்தில் பெரிய துளை விழுந்து, தேத்தண்ணி குடித்தால் மூக்கால் வரும், கதைப்பதும் விளங்காது. அவருக்குச் சதை வைக்கவில்லை, பல் வைத்தியர் ஒரு தட்டு செய்து கொடுத்தார். அதை மாட்டினால் நல்லாகக் கதைப்பார். சதை வைப்பதைவிட இது குறைந்ததா என்று ஒருவரும் எங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

---

பல்லாங்குழி:

மாவிட்டபுரம் அண்ணா, குறைந்தது இல்லை. செயற்கை முக உறுப்புகள் செய்யும் பல் மருத்துவராகச் சொல்கிறேன். மேல்தாடையில் துளை சிறிதாகவும் பற்கள் மிச்சமாகவும் இருந்தால் அந்தத் தட்டே நல்ல வைத்தியம். கழற்றிவிட்டு உள்ளே பார்க்கலாம், நோய் திரும்பினால் சீக்கிரம் கண்ணில் படும். துளை பெரிதாகி, தட்டைப் பிடித்துக்கொள்ளப் பல்லும் இல்லையென்றால் சதையோ எலும்போ வைப்பது மேல். மனோதத்துவ அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்டுக்கு 1923ல் இதே இடத்தில்தான் புற்று. 1939ல் இறக்கும் வரை அப்படி ஒரு தட்டோடுதான் இருந்தார், முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகள் செய்துகொண்டார். அந்தக் காலத்துத் தட்டு அவரைப் படாத பாடு படுத்தியது. இப்போது பொருளும் அளவெடுக்கும் முறையும் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன.

மேல்தாடை அறுவை என்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அறுவைக்கு முன்னாலேயே எங்களிடம் அளவெடுக்க அனுப்பச் சொல்லுங்கள். தியேட்டரிலேயே முதல் தட்டை மாட்டிவிட்டால் நோயாளி கண் விழித்துப் பேசும்போதே பேச்சு விளங்கும். கண்குழியை முழுக்க எடுத்தவர்களுக்கும் காது போனவர்களுக்கும் சிலிக்கனில் நிறம் சேர்த்துச் செய்கிறோம். கண் என்றால் இமை முடியோடு செய்து மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்துவோம், காது என்றால் எலும்பில் பதித்த திருகில் மாட்டுவோம். வெயிலில் நிறம் மங்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகச் செய்ய வேண்டும்.

---

ஏரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. பெரியப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். நாவல்மரம் அண்ணன் எழுதிய துண்டு விஷயத்தில் அவர் பேச்சு நின்றுவிட்டது.

ஒரு பயம் மட்டும் போகவில்லை. வைத்ததெல்லாம் தோற்றுவிட்டால்?

---

நாவல்மரம்:

தம்பி, ரோஜர் ஈபர்ட் என்று அமெரிக்காவில் ஒரு சினிமா விமர்சகர். 2006ல் புற்றுக்காகக் கீழ்த்தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். கழுத்துக் குழாய் வெடித்துப் பிழைத்தார். உடம்பின் மற்ற இடங்களிலிருந்து எடுத்துத் தாடை கட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் நிலைக்கவில்லை. பேச்சும் வாய்வழிச் சாப்பாடும் போய்விட்டன. போதும் என்று அறுவையை நிறுத்திக்கொண்டார். 2010ல் அந்த முகத்தை அப்படியே பத்திரிகையில் போட விட்டார். 2013ல் இறக்கும் வரை எழுதிக்கொண்டே இருந்தார். தோற்பதும் உண்டு, தோற்றபின் வாழ்க்கையும் உண்டு. மச்சானும் இன்றைக்கும் தறிக்குப் போகிறான்.

---

ஏரிக்கரை:

டாக்டரிடம் போய் வந்தோம். மாதத்துக்கு எத்தனை, ராத்திரி யார் இருப்பார்கள் என்று இரண்டையும் கேட்டேன். சங்கடப்படாமல் பதில் சொன்னார். அப்பாவின் இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் வேலைத்திறன் குறைவாக இருக்கிறது, மயக்க டாக்டர் நீண்ட நேரம் வேண்டாம் என்கிறார். அதனால் மார்புச் சதை. அதை இரண்டு பாகமாக்கி ஒன்றை உள்ளுக்கும் ஒன்றை வெளிக்கும் மடித்து வைப்பார்களாம். எலும்பு பக்கவாட்டில்தான் போகிறது, அதனால் இப்போது எலும்பு வைக்கவில்லை. எல்லாம் ஒரே அறுவையில். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்றார்கள். புற்றை எடுப்பதும் சதை வைப்பதும் இரண்டும் அனுமதியில் எழுதியிருக்கிறதா என்று காப்பீட்டு மேசையில் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அப்பா புகையிலைப் பொட்டலத்தைத் தானே எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

---

கத்தியும்நூலும்:

நல்ல முடிவு. நிகோடின் சின்னக் குழாய்களைச் சுருக்கும், வைத்த சதைக்கு அதுதான் எதிரி. அறுவைக்குப் பிறகும் யாரும் பாசத்தில் ஒரு துண்டு புகையிலை கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் ரேடியேஷனுக்கு முன்பே பிடுங்க வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு.

---

ராத்திரிட்யூட்டி:

தலைக்கு மேல் மாட்டும் பனியன் எதுவும் கொண்டுவராதீர்கள், முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நாலைந்து போதும். தலையணை இரண்டு கூடுதலாக எடுத்து வாருங்கள். தலையை உயர்த்தித்தான் படுக்க வேண்டும், எங்கள் வார்டில் எப்போதும் தட்டுப்பாடு. மார்பில் தையல் இருக்கும், இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள இப்போதே பழக்குங்கள். சிலேட்டை மறக்க வேண்டாம்.